வரிசையில் முதல் ஆள்

மூட்டுக்கும் கணுக்காலுக்கும் பட்டை ஒட்டுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அதனால்தான் டென்னிஸ் ஆடும் பெண்கள் மத்தியில் அவளுக்குப் பிளாஸ்திரி என்று பெயர். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த வித்தை இல்லை. பதினொரு வருட ஆட்டத்தில் கணுக்கால் மூன்று தடவை, தோள் ஒரு தடவை, மணிக்கட்டு கணக்கே இல்லாமல் என்று பட்டுப் பட்டுத் தேறியது.

வயது முப்பது. உலகத் தரவரிசையில் இருநூற்று நாற்பத்தொன்று. கேட்கிறவர்கள் அடேயப்பா என்று வாயைப் பிளப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? வருடத்துக்கு நான்கே நான்கு பெரிய போட்டிகள். நூறுக்குள் இருப்பவர்கள் நேராக உள்ளே போய்விடுவார்கள். அதற்கடுத்த நூற்றுச் சொச்சம் பேர் தகுதிச்சுற்றில் முட்டி மோதலாம். இருநூற்றிருபதைத் தாண்டினால் கதவு சாத்தியாயிற்று. ஒரே ஒரு முறை இருநூற்றுப் பதினான்குக்கு வந்தாள். அந்த வாரமே தோள் கிழிந்தது. ஏழு மாதம் வீட்டில் கிடந்துவிட்டுத் திரும்பினால் அறுநூற்றுச் சொச்சம்.

கோப்பைக்கெல்லாம் அவள் ஆசைப்படவில்லை. அங்கே ஒரு தகுதிச்சுற்று ஆட்டம் ஆட வேண்டும். நடுவர் ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்ல வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை. இந்த ஒன்றுக்காகத்தான் அவள் கல்யாணப் பேச்சை நான்கு வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த முறை ஒரு பெரிய போட்டியின் தகுதிச்சுற்றுக்கான காத்திருப்போர் பட்டியலில் பதினாறாவது ஆளாகத் தொடங்கினாள். யாராவது அடிபட்டு விலகினால் ஓர் இடம் முன்னே நகரும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இதைத் தவிர வேறு வேலையே இல்லை. தினமும் விடிந்ததும் போன் செய்துவிடுவார்.

"ஒரு பொண்ணுக்குத் தொடைல பிடிப்பாம்மா. பாவம், நல்லா ஆடுற பொண்ணு. நீ பதினொண்ணுக்கு வந்துட்ட!"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் பாயும். "அடுத்தவ கால் எப்ப ஒடியும்னு கணக்குப் பாத்துட்டு ஒக்காந்திருக்காரு பாரு! நல்லா இருக்கா இது?"

"நான் என்னடி பண்ணேன், அதுவா பிடிச்சுக்கிச்சு!"

அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, ரகசியமாகப் பட்டியலைத் திறந்து அடுத்த தொடை யாருடையது என்று பார்ப்பாள். பார்த்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்ப்பாள்.

தகுதிச்சுற்று தொடங்கியபோது வரிசையில் அவள்தான் முதல் ஆள். அதன் முதல் கட்டம் மூன்று நாள் நடக்கும். தினமும் காலை ஒன்பதுக்குள் அலுவலக மேசையில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு மட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் யாராவது விலகினால் அந்த இடம் அவளுக்கு. தொடங்கிவிட்டால் அவ்வளவுதான், மாற்று ஆள் கிடையாது. முதல் இரண்டு நாளும் யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

மூன்றாம் நாள் மதியம், மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆட்டம். அதில் ஆட வேண்டியவள் நெட்டச்சி. இரட்டையர் ஆட்டங்களில் ஆறு வருடமாகப் பிளாஸ்திரியின் ஜோடி. ஒரே அறையில் தங்கி, ஒரே சோப்பைத் தேய்த்தவர்கள். பிளாஸ்திரி காத்திருந்த உடைமாற்றும் அறைக்குள் நெட்டச்சி நொண்டி நொண்டி வந்து பெஞ்சில் காலை நீட்டினாள்.

"பட்டை போட்டு விடுடி. டாக்டர்கிட்ட போனா ஆட வேணாம்னு எழுதிடுவாங்க."

முழங்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. பிளாஸ்திரி விரலை வைத்து அழுத்தியதுமே தெரிந்துவிட்டது. உள்ளே நீர் கோத்திருக்கிறது, இந்தக் கால் ஓடக் கூடாது. வேறு யாராக இருந்தாலும் "போடி, மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ" என்று ஒரே போடாகப் போட்டிருப்பாள்.

"என்ன சொல்ற? ஆடலாமா?" என்றாள் நெட்டச்சி.

ஆடாதே என்று சொன்னால் அது உண்மை. ஆனால் அந்த உண்மையில் தன்னுடைய இடம் அல்லவா இருக்கிறது? தன் இடத்துக்காகச் சொல்கிறாள் என்று நெட்டச்சி நினைத்துவிட்டால்? அதைவிட, தானே எதற்காகச் சொல்கிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

"உன் கால். உனக்குத்தான் தெரியும்" என்றாள்.

நெட்டச்சி ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். பிளாஸ்திரி பட்டையைக் கிழித்தாள். மூட்டுச் சில்லைச் சுற்றி இரண்டு வரிசை, குறுக்கே ஒன்று, முனைகள் பிரியாமல் இருக்கத் தொடையில் ஒரு பூட்டு. ஒரு சுருக்கம் விழவில்லை. எனக்கு ஆசையே இல்லை என்று யாருக்கோ காட்டுவது போல அவ்வளவு நேர்த்தி!

ஆட்டம் தொடங்கியது. நான்காவது கேமில் நெட்டச்சி பந்துக்காகப் பக்கவாட்டில் பாய்ந்தாள், எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள்.

அதே பெஞ்சில் பிளாஸ்திரி பட்டையை உரித்தாள். அது லேசில் வரவில்லை. நெட்டச்சி அழவில்லை.

"நான் வெலகினா அந்த எடம் உனக்குன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான்டி உன்கிட்ட வந்தேன். நானா வெலக மனசு வரல. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிம்மதியா விட்டுருப்பேன்."

பிளாஸ்திரி தோழியின் காலை மடியில் எடுத்து வைத்து மிச்சப் பட்டையையும் உரித்தாள். அந்த இடம் வேண்டும் என்று அப்போதும் மனது அடித்துக்கொண்டது.

பைக்குள் போன் அடித்தது. அப்பா.

"யாராச்சும் வெலகுனாங்களாம்மா?"

"வெலகிட்டாங்கப்பா" என்றாள். "ஆட்டம் ஆரம்பிச்சப்புறம்."