மிஷின் கண்டம்

கதவு நிலையில் தட்டிப் பார்க்காமல் ஒரு துண்டு உப்புக்கண்டத்தைக்கூட சொரிமுத்து விற்பதில்லை. 'டொக்' என்று கேட்டால் காய்ந்தது. 'தப்' என்றால் மறுபடி கயிற்றுக்குப் போக வேண்டியது. வாங்க வந்தவர் அவசரப்பட்டால், "பொறும்வே, அது பதில் சொல்லட்டும்" என்பார்.

ஆட்டுக்கறியை வாராக அறுத்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் புரட்டி, கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்தி விற்பது மேலகரத்தில் அவருடைய தொழில். சித்திரை வெயிலில் காய்ந்ததெல்லாம் குற்றாலத்துச் சாரல் சீசனில் விற்றுத் தீர்ந்துவிடும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவனின் பசிக்கு முன்னால் ஆடு எம்மாத்திரம். கத்தியைப் பிடித்தால் சொரிமுத்து ஒரு தொடையைத் தலைப்பாகைத் துணி மாதிரி ஒரே நீளமாக விரித்துப் போட்டுவிடுவார். அந்தக் கையை யாராவது புகழ்ந்தால்தான் அவருக்கு முகம் சுண்டிப்போகும். தம்பி போலீசில் ஏட்டு. மைத்துனன் பட்டாளத்தில் நாயக். ஒரு கல்யாண வீட்டில், "இவரு ஏட்டையா, இவரு நாயக்" என்று மரியாதையாக அறிமுகம் செய்துகொண்டு வந்தவர்கள், இவரிடம் வந்ததும் "இவரு கண்டம் போடுதாரு" என்று முடித்துவிட்டார்கள். அந்தக் கல்யாணச் சாப்பாடு அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் குற்றாலத்துப் பங்களாவைக் காலி செய்துவிட்டுச் சீமைக்குப் போனார். சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. மற்றவர்கள் நாற்காலியும் நிலைக்கண்ணாடியும் எடுக்க, சொரிமுத்து கறி சீவும் யந்திரத்தை எடுத்து மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார். சிவப்புச் சாயம் பூசியது. பக்கத்தில் பெரிய சக்கரம். சக்கரத்தைச் சுற்றினால் கறி வைத்த தட்டு தானாக நகரும், வட்டக்கத்தி தானாகச் சுழலும், துண்டு தானாக விழும். இதை அவர் தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னார். வழக்கமாக அவருக்கு ஆடு அறுத்துக் கொடுக்கும் பீர் மைதீன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் தானான்னா சக்கரத்தைச் சுத்துதது யாரு அண்ணாச்சி?" என்றார்.

"அதுக்குத்தான முதலாளின்னு ஒருத்தன் இருக்கான்."

வாசலில் 'ஸ்ரீ சொரிமுத்தையன் யந்திர உப்புக்கண்டம் கம்பெனி' என்று பலகை ஏறியது. சாமி பெயரும் முதலாளி பெயரும் ஒன்றாயிருந்ததில் எழுத்துக் கூலி மிச்சம்.

பங்களாவில் ஐஸ் பெட்டியில் வைத்து விறைத்த கறியைத்தான் அந்த யந்திரம் சீவிக்கொண்டிருந்தது. மேலகரத்தில் ஐஸுக்கு எங்கே போவது? சூடு ஆறாத கறியை முதல் சுற்றில் விழுங்கி, இரண்டாவது சுற்றில் துவையலாகத் துப்பியது. அவர் மனைவி மாடத்தி அதை வழித்தெடுத்து உருண்டை பிடித்துப் பொரித்தாள். சொரிமுத்துவுக்கு யந்திரத்தின்மேல் கோபம் வரவில்லை. குற்றம் ஆட்டின்மேல் என்று தீர்மானித்தார்.

"மைதீனு, இன்னும் கொஞ்சம் கெட்டியான ஆடாப் பாரும்வே."

"கெட்டியா வேணும்னா ஆட்டுக்கல்லுதான் இருக்கு அண்ணாச்சி."

பலகை மாட்டியாகிவிட்டது, கழற்ற முடியுமா? கதவைத் தாழிட்டுக்கொண்டு, காலால் சக்கரத்தை உதைத்துக் கடகடவென்று ஓடவிட்டு, கையால் பழைய கத்தியில் அறுத்தார். தெருவில் போகிறவர்கள் சத்தத்தைக் கேட்டு மெச்சினார்கள். பென்ஷன் வாங்கும் தாசில்தார் ஒருவர் தின்று பார்த்துவிட்டு, "என்ன இருந்தாலும் மிஷின் கண்டம் தனி ருசிதான். கையால அறுத்ததுல இந்தப் பதம் ஏது?" என்றார். தன் கையைத் திட்டியதைக் கேட்டு சொரிமுத்து பூரித்துப் போனார்.

சண்டை வந்தது. பட்டாளத்துக்குக் கெட்டுப்போகாத கறி வேண்டுமென்று ஒரு காண்ட்ராக்டர் தேட, அவருடைய ஏஜண்டு நாறும்பூநாதன் திருநெல்வேலியிலிருந்து சொல்லியனுப்பினார்: யந்திர வேலையென்றால் ஆர்டர் உண்டு, கைவேலையென்றால் கிடையாது, நேரில் வந்து ஓடவிட்டுப் பார்ப்பார். செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. ஏட்டுத் தம்பிகூட வந்து விசாரித்துவிட்டுப் போனான். இனி யந்திரம் ஓடவில்லையென்றால் சொரிமுத்து ஊரில் தலைகாட்ட முடியாது.

ஏஜண்டு வருகிற அன்று விடிந்ததும் உட்கார்ந்து கறியை மெல்லிய தகடுகளாகச் சீவினார். மாடத்தி அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அம்மிக்கல்லை ஏற்றி அமுக்கினாள். பார்ப்பதற்கு வெட்டாத முழுக்கறி போலவே ஆயிற்று.

"இது பொய்யில்லையா?" என்றாள்.

"பொய்யில்லட்டி. மிஷினுக்கு ஒரு கை கொடுக்கோம், அவ்வளவுதான்."

நாறும்பூநாதன் சுத்த சைவம். கறியைத் தின்று பார்க்கவோ தொட்டுப் பார்க்கவோ வழியில்லாததால், யந்திரத்தை வைத்துத்தான் அவர் ருசியை முடிவு செய்ய வேண்டியிருந்தது. மூக்கில் கைக்குட்டையுடன் வாசற்படியிலேயே நின்றார். முதலாளித் தோரணைக்கு மாட்டிய கறுப்புக் கோட்டுடன் சொரிமுத்து சக்கரத்தைச் சுற்றினார். தட்டு ஆடிய ஆட்டத்தில் அடுக்கு நெகிழ்ந்து, தகடு தகடாக மறுபக்கம் விழுந்தது.

"அடடா, ஒண்ணுபோல விழுதே. மனுஷன் கைன்னா இப்படி வருமாய்யா?"

காலையில் கத்தி பட்ட கட்டைவிரல் உப்பில் எரிந்துகொண்டிருந்தது. அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு சொரிமுத்து சொன்னார்: "கைன்னா வராதுங்க. வரவே வராது."

தினம் ஒரு மந்தைக்குக் குறையாத கறி கேட்டு ஆர்டரை வாயாலேயே உறுதிசெய்துவிட்டு ஏஜண்டு காரில் ஏறினார். கார் தென்காசி ரோட்டில் திரும்பி மறைந்ததும் மாடத்தி கேட்டாள்: "அம்புட்டுக் கறியையும் யாரு அறுக்க?"

"மிஷின்தான்."

"இங்கன வேற ஆளு இல்ல. எங்கிட்டயாவது நெசத்தைச் சொல்லுங்க."

"மிஷின்தாம்ட்டி" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் பீர் மைதீன் அனுப்பிய கறிக்கூடைகள் வாசலை அடைத்து இறங்கின. சொரிமுத்து எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைத் தாழிட்டார். ஏஜண்டு வருகிறாரென்று முந்தின நாள் மாட்டிய அந்தக் கோட்டு இன்னும் சொரிமுத்துவின் மேலேயே இருந்தது. அதைக் கழற்றி உதறி, யந்திரத்தின்மேல் போர்த்தி, கழுத்து வரைக்கும் ஒவ்வொரு பித்தானாகப் போட்டுவிட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதன் காலடியில் கத்தியுடன் உட்கார்ந்தார்.