எங்கன போறீக

நொச்சிவலசையில் நீர்பாய்ச்சியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். கண்மாய்த் தண்ணீரை முறைவைத்து வயல்களுக்குத் திறந்துவிடுகிறவர் அவர். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடையைப் பார்த்து நடந்தால் எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் கண்மாய் வற்றிவிடும் என்பது ஊரின் நம்பிக்கை.

1974இல் பஞ்சம்மாள் நீர்பாய்ச்சி பூமிநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது மாமியார் முதலில் சொன்னதே இதுதான். பஞ்சம்மாள் பிறந்த ஊர் புதுமடத்துப் பக்கம். அங்கே கிணற்றுப் பாசனம்.

"புருசனக் கேக்காம வேற யாரக் கேக்குறது?" என்றாள். மாமியார் அன்று சாப்பிடவில்லை.

பஞ்சம்மாள் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கிளம்பும்போதெல்லாம், "சோத்துக்கு வந்துருவீகளா?" என்பாள். அது வேறு கேள்வி என்பது அவள் கட்சி.

அறுபதைத் தாண்டியதும் பூமிநாதனுக்கு முறை தப்ப ஆரம்பித்தது. நேற்றுப் பாய்ந்த வயலுக்கே இன்றும் தண்ணீர் விட்டார். ஊர் கூடி, மரியாதையாகத்தான், இருளாண்டியை நீர்பாய்ச்சியாக்கியது. பிறகு மகளின் பெயர் அவருக்கு மறந்தது. ஒருநாள் பஞ்சம்மாளைப் பார்த்து, "ஏத்தா, நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்றார்.

"ஒங்க வீட்டுலதான் சோறு பொங்கிக்கிட்டு இருக்கேன்."

"நல்லாப் பொங்கு" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ராமநாதபுரத்தில் டாக்டர் தலையைப் படமெடுத்துப் பார்த்தார். மறதி நோய், மருந்தால் திரும்பாது, வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"வீட்டோட வச்சா அவுக செத்துருவாக சார். நடந்து பழகுன காலு" என்றாள் பஞ்சம்மாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

2006 தை மாதம் அது நடந்தது. மிளகாய் பழுத்துச் சிவந்து நின்றது. அந்தச் செடிக்குக் காலில் தண்ணீர் நிற்கக் கூடாது. காலையில் பூமிநாதன் மடைக்குப் போய் அடைப்பை உருவிவிட்டார். அது பழைய கல்மடை, பூட்டிவைக்க வழியில்லாதது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தவர்கள் இருளாண்டிதான் திறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். இருளாண்டி ஒரு கல்யாணத்துக்குப் பாம்பன் போயிருந்தார். அவர் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது வடக்குக் கொல்லையில் மிளகாய் வயல் முழுக்கத் தண்ணீர். மறுநாள் வெயிலில் செடிகள் தலை தொங்கின. அதிகம் அழிந்தது சேதுலட்சுமிக்கு. கணவர் போனபின் தனியாகவே வெள்ளாமை செய்கிறவள்.

பிள்ளையார் கோயில் முன்னால் ஊர் கூடியது. பெண்கள் வேப்பமரத்தைத் தாண்டி உள்ளே வருவதில்லை. பஞ்சம்மாள் பூமிநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக நடுவில் வந்து உட்கார்ந்தாள். அவர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். யார் வீட்டு விசேஷம் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"நீர்பாய்ச்சி இப்ப ஊர்பாய்ச்சி ஆயிட்டாரப்பா" என்றது ஒரு குரல். சிரித்தார்கள். பூமிநாதனும் சிரித்தார்.

ஊர்த் தலைவரான அம்பலம் தனுஷ்கோடி காகிதத்தில் சுற்றிய புதுப் பூட்டு ஒன்றை எடுத்து வைத்தார். "பஞ்சம்மா, யாரும் அவர அடிக்கச் சொல்லல. நீ சோலிக்குப் போகையில உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போ. அம்புட்டுத்தான்."

"ஆட்டையே பகல்ல அவுத்து விடுறோம் அம்பலம்."

"ஆடு மடையத் தொறக்காதுடி" என்று வேப்பமரத்தடியிலிருந்து கத்தினாள் சேதுலட்சுமி. "எங் கொல்லையப் போயிப் பாரு. வகுறு எரியுது."

"பாத்துட்டுத்தான்க்கா வாரேன். அழிஞ்சது அழிஞ்சதுதான். நான் இல்லேங்கல." பஞ்சம்மாள் எழுந்து நின்றாள். "அன்னைக்கு இவுக மம்பட்டியோட போறத யாரு யாரு பாத்தீக?"

டீக்கடை சீனி முகம்மது, "நா பாத்தேங்க்கா. சைக்கிள விட்டு எறங்கி வழிவிட்டேன்" என்றார். இருளாண்டியின் மனைவி பிச்சையம்மாள், "நானும்தான்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்க வரப்பு வழியாத்தான் போனாரு, நானுந்தான் பாத்தேன். அதுக்கென்ன இப்ப?" என்றாள் சேதுலட்சுமி.

"ஏன்க்கா கேக்கல?"

"நீர்பாய்ச்சிய யாருடி கேப்பா?"

"நீர்பாய்ச்சி இருளாண்டியில்ல? இவுக வேணாம்னு இதே எடத்துல வச்சுச் சொன்னது நீங்க. அவுகளுக்கு மறந்துபோச்சு, சீக்கு. ஒங்களுக்கெல்லாம் என்ன சீக்கு?"

பஞ்சம்மாள் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"நாளைலருந்து கேளுங்க. பாக்குறவக எல்லாரும் கேளுங்க, எங்கன போறீகன்னு. கேட்டா நிப்பாக. ரெண்டு வார்த்தை பேசுனா திரும்பிருவாக. நான் ஒருத்தி கேட்டா போதாது, எனக்குக் கூலி வேலை கெடக்கு."

"கண்மாய் வத்திப்போகும்" என்றார் ஒருவர்.

"கேக்காத வருசமெல்லாம் நெறஞ்சா கெடந்துச்சு?"

ராமநாதபுரம் வறண்ட சீமை. அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பூட்டு அப்படியே இருந்தது. பஞ்சம்மாள் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். "ஆட்டுக்கொட்டிலுக்கு ஆகும்."

உடனே யாரும் கேட்டுவிடவில்லை. பஞ்சம்மாள் விடியற்காலையில் புருஷனுக்குப் பின்னாலேயே தெருவில் நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் உரக்க, "எங்கன போறீக?" என்றாள். கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். கடைசி வாசலில் அவர் நின்று, "மடைக்குத்தான்" என்றார். "இப்பத்தான அடச்சுட்டு வந்தீக" என்றாள். "அப்படியா" என்று திரும்பினார்.

பஞ்சம்மாளைத் தவிர முதலில் கேட்டது சீனி முகம்மது. கேட்டுவிட்டுக் கண்மாய்ப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு டீ கொடுத்தார். பூமிநாதன் மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குடித்தார். அடுத்தது பிச்சையம்மாள். ஒருநாள் ஒருவரும் கேட்காமல் விட்டதில் அவர் உச்சிப்புளி ரோட்டில் போய் நின்றார். கூட்டிக்கொண்டு வந்த பஞ்சம்மாள் அன்று சாயங்காலமே வீடுவீடாகப் போனாள். "யாரு பாத்தீக? ஏன் கேக்கல?" திட்டினார்கள். அவளும் திட்டினாள். அதற்குப் பிறகு கேட்டார்கள், அவள் வாய்க்குப் பயந்தாவது.

அந்த ஐப்பசியில் கண்மாய் பாதிதான் நிறைந்தது. கேட்டதால்தான் என்று சிலர் சொன்னார்கள். யாரும் எதையும் கேட்காத பக்கத்து ஊர்க் கண்மாயில் அந்தப் பாதியும் இல்லை.

மறுபடி தை. மறுபடி மிளகாய் சிவந்தது. பஞ்சம்மாள் தெற்குக் கொல்லையில் கூலிக்குப் பழம் எடுத்துக்கொண்டிருந்தாள். வடக்கே வரப்பில் மண்வெட்டியோடு பூமிநாதன் போவது தெரிந்தது. அந்தப் பக்கம் சேதுலட்சுமியைத் தவிர ஆளில்லை. போன வருஷத்திலிருந்து அவள் பஞ்சம்மாளோடு பேசுவதில்லை.

பஞ்சம்மாள் நிமிர்ந்தாள். ஓட ஒரு கால் எடுத்து வைத்தாள். பிறகு நின்றுகொண்டாள்.

சேதுலட்சுமி கூடையை இறக்கிவைத்துவிட்டு வரப்பின் குறுக்கே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"யோவ், எங்கன போறீரு?"

"மடைக்குத்தான், ஆத்தா. தண்ணி விடணும்."

"போன வருசம் விட்டீரே, அது போதும். ஒழுங்கா வந்து அந்த நெழல்ல உக்காரும்."

அவர் யோசித்தார். உட்கார்ந்தார்.

சேதுலட்சுமி தெற்கே திரும்பிக் கத்தினாள். "ஏ பஞ்சம்மா! ஒம் புருசன் இங்கன இருக்காரு. வந்து கூட்டிக்கிட்டுப் போடி!"

பஞ்சம்மாள் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு வைத்தாள். குனிந்து அடுத்த செடியைப் பிடித்தாள்.

"இருக்கட்டும்க்கா" என்று அங்கிருந்தே கத்தினாள். "எனக்குச் சோலி கெடக்கு."