எட்டுப் பேர் ஏறிப் பார்த்த கிளட்ச்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் சம்பாதித்தவள் என் மனைவி. நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் ஜவ்வாது மலை மேல் ஒரு பள்ளியில் ஆசிரியை. நாங்கள் குடியிருந்தது அடிவாரத்தில், சந்தவாசலில். காலையில் அவளைக் காரில் மேலே கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் அழைத்து வருவதும்தான் குடும்பத்துக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை. அந்த வேலையையும் கார் பறித்துக்கொண்டது.

எனக்கு முன் மூன்று பேர் ஓட்டி வெறுத்த கார் அது. முதலில் சைலன்சர் துருப்பிடித்துப் பாதியாக ஒடிந்து விழுந்தது. அதனால் சத்தம் மட்டும்தான் கூடியது. பிறகு கிளட்ச் தேய்ந்துபோனது. என்ஜின் அலறும், வண்டி நகராது. ஒரே மாதத்தில் இரண்டு முறை மனைவி பிரேயர் முடிந்த பிறகுதான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"இன்னொரு நாள் லேட்டானா மேலயே ஒரு ரூம் பாத்துக்கினு போய்டுவேன். நீங்க உங்க புஸ்தகத்தோட இருங்க" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அன்று புதன்கிழமை. வியாழன் வெள்ளி லீவு போட்டாள். திங்கட்கிழமை வரை எனக்கு அவகாசம்.

வேலூரில் கார் சாமான் விற்கும் கடையில் புது கிளட்சுக்குச் சொன்ன விலை அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அதுவும் மெட்ராஸிலிருந்து வர மூன்று வாரமாகுமாம். சந்தவாசல் பட்டறை மேஸ்திரியிடம் வந்து இதைச் சொன்னேன். அவர் என் வண்டிக்கு அடியில் படுத்தபடியே கேட்டார். கிளட்ச் பிளேட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"புதுசு யாரு சார் கேட்டாங்க? காயலான் கடைக்குப் போங்க. எந்த வண்டி பிளேட்டா இருந்தாலும் பரவால்ல, நடுவுல பல்லு மட்டும் இதே கணக்கா இருக்கணும். மேல தேயிற லைனிங்க நான் புதுசா அடிச்சிக்கிறேன். அப்பிடியே துரு ஏறாத சைலன்சர் ஒண்ணு."

காயலான் கடையில் இரும்பு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. கடைக்கார பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பல் எத்தனை என்று கேட்டார். நான் எண்ணினேன், பதினொன்று. சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன், ஒன்பது. பாய் பிளேட்டை வாங்கி, நடு ஓட்டையில் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பத்து. சார் இன்னா வேல பாக்குறீங்க?"

"எழுதறேன்."

"கணக்கா?"

"கதை."

"அதான்" என்றார்.

குவியலைச் சுற்றிப் பாதி தூரம் நடந்து, குனிந்து, ஒரு வேன் பிளேட்டை உருவி எடுத்தார். அதே பத்துப் பல். பிறகு நாலைந்து சைலன்சர்களைத் தேங்காய் பார்ப்பது போல ஒவ்வொன்றாகத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, ஒன்றை என் பக்கம் தள்ளினார். ஒரு நூலகத்தில் எனக்கு வேண்டிய புத்தகத்தை இவ்வளவு சீக்கிரம் எடுத்துக் கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. இரண்டும் சேர்ந்து, நான் மாதாமாதம் புத்தகத்துக்குச் செலவழிப்பதைவிடக் குறைவுதான். இந்த ஒப்பீட்டை வீட்டில் சொல்லவில்லை.

மேஸ்திரி சனியும் ஞாயிறும் வேலை செய்தார். பிளேட்டின் ஓரத்தைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தார். புது லைனிங் வைத்து ரிவிட் அடித்தார். வாங்கி வந்த சைலன்சரை நடுவில் வெட்டிக் குட்டையாக்கி, என் பழைய குழாயோடு வெல்டு வைத்தார். அளவுகோல் எதையும் அவர் தொட்டதாக எனக்கு நினைவில்லை. எல்லாம் பொருந்தியது.

திங்கள் காலை மனைவி டிபன் பாக்ஸோடு பட்டறைக்கே வந்துவிட்டாள். மேஸ்திரி சாவி கொடுக்கவில்லை.

"லோடு ஏத்திப் பாக்காம வண்டி வுடமாட்டேன் சார்" என்றவர், மலைக்கு ஜீப்பை எதிர்பார்த்து ரோட்டோரம் நின்றவர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஐந்து பேர், ஒரு உப்பு மூட்டை, ஒரு மண்ணெண்ணெய் டின். நாங்கள் மூவர். "நீங்களே ஓட்டுங்க. நான் ஓட்டுனா எந்த கிளட்சும் தாங்கும்."

ஏறினோம். வண்டி முனகக்கூட இல்லை. சைலன்சரின் வேலை என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது வளைவில் கியர் மாற்ற ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான், என் பக்கம் தவிர மற்ற மூன்று கதவும் திறந்தன.

மலை ஜீப்பில் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்றத்தில் என்ஜின் சத்தம் நின்றால், யாரும் சொல்லாமலே குதித்து இறங்கிப் பின் சக்கரங்களுக்குக் கல் வைப்பார்கள். வண்டி பின்னால் உருளாது. அப்படிப் பல உயிர்கள் பிழைத்திருக்கின்றன. எங்கள் பயணிகளும் சத்தம் நின்றுவிட்டதென்று குதித்துவிட்டார்கள். இரண்டு பேர் கல்லோடு ஓடி வந்தார்கள். மிரண்டுபோன நான் பிரேக்கை மிதித்து, ஓடிக்கொண்டிருந்த என்ஜினை நிஜமாகவே அணைத்துவிட்டேன்.

"நின்னுடுச்சா?" என்றார் கல் வைத்த பெரியவர்.

"நிக்கல. நீங்க இறங்குனதால சார் நிறுத்திட்டாரு" என்றார் மேஸ்திரி.

"சத்தமே இல்லியே. சத்தம் இல்லாம எப்பிடி ஓடும்?"

"அதுக்குத்தானே ரெண்டு நாளு படுத்துக் கெடந்தேன். ஏறுங்க."

மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அங்கேதான் ரோடு ரொம்பச் செங்குத்து. எட்டுப் பேர், உப்பு, மண்ணெண்ணெய், நின்ற இடத்திலிருந்து எடுக்க வேண்டும். மேஸ்திரிக்கு மட்டும் முகம் மலர்ந்திருந்தது. "இதாங்க டெஸ்ட்டு" என்றார்.

கிளட்ச் பெடலை மெல்ல விட்டேன். வண்டி ஒரு முறை நடுங்கியது. பிறகு கல்லை விட்டு மெல்ல முன்னே நகர்ந்தது. பின் சீட்டிலிருந்த ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சி முகர்ந்தார். "கிளட்ச் தேயிற நாத்தம் வர்ல" என்றார். அந்தச் சான்றிதழ் மேஸ்திரிக்குப் போதுமாயிருந்தது. சிறிது தூரம் போனதும் என் இடது காலைப் பார்த்தார்.

"சார், அத எடுங்க. கியர் மாத்துனப்புறமும் கால கிளட்ச் மேலயே வெச்சிகினு வர்றீங்க. பழையது அதுலதான் போச்சு."

எடுத்தேன்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் பிரேயருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை. மனைவி இறங்கினாள். ரூம் பேச்சை அவள் எடுக்கவில்லை.

"நாலே காலுக்கு வந்துடுங்க" என்றாள் என்னிடம். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "அண்ணே, இறங்கும்போது நீங்க ஓட்டுங்க" என்றாள்.

நான் இடம் மாறி உட்கார்ந்தேன்.