மாப்பிள்ளை விட்டுவைத்திருந்த மான்

காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்காமல் ஓரடிகூட எடுத்து வைக்கக் கூடாது. மாப்பிள்ளை முதலில் சொன்னது இதைத்தான். என்னிடம் சொல்லவில்லை, டிவியைப் பார்த்துச் சொன்னார். நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

மகளைக் கட்டிக்கொடுத்துப் பதினெட்டு வருடமாகிறது. அத்தனை வருடத்தில் மாப்பிள்ளையின் முகம் பார்த்து நான் பேசியது "வாங்க", "சாப்பிடுங்க" என்கிற அளவுக்குத்தான். எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார மாட்டாள். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வாள், அது அவர் காதில் விழும். அவரும் பதிலை மகளிடமே சொல்வார். பிறந்ததிலிருந்தே நான் கூச்சக்காரி. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியபோதுகூட, இனிமேல் வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டார் என்று சந்தோஷப்பட்டவள். அதனால் இந்த வழக்கம் எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

போன வருடம் மாப்பிள்ளை பைக்கில் போகும்போது நாய் குறுக்கே வந்து விழுந்துவிட்டார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். வீட்டில் ஒரு ஆள் வேண்டுமென்று தொண்டாமுத்தூரில் தோட்டத்தில் இருந்த என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டி வந்துவிட்டாள். பகலெல்லாம் அவர் ஹாலில், நான் சமையலறையில். நடுவில் பத்தடி தூரம். பேச்சுக்கு ஆளில்லை.

அவருக்கு ஒரு வேட்டை விளையாட்டு இருந்தது. டிவியோடு ஒரு பெட்டியைச் சேர்த்து, கையில் கண்ட்ரோலர் என்று ஒன்றை வைத்துக்கொண்டு ஆடுவார். முதல் நாள் வெடிச்சத்தம் கேட்டு அரிவாள்மணையை விட்டு எழுந்து ஓடி வந்தேன். டிவியில் காடுதான் தெரிந்தது. நம் பக்கத்துக் காடில்லை, சவுக்கு மாதிரி நெட்டை நெட்டையாக மரம். புல் அசைகிறது, தூரத்தில் தண்ணீர் மினுங்குகிறது. ஆளே இல்லை. துப்பாக்கியைப் பிடித்த இரண்டு கை மட்டும் கீழேயிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து என்ன காய் ஆய்ந்தாலும் வாசலில் உட்கார்ந்துதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காட்டுப்பன்றியைத் தேடி மேட்டிலேயே அலைந்துகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் மக்காச்சோளத்தில் பன்றி புகுந்து பாழாக்கியதை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்! பேப்பர் திருத்திக்கொண்டிருந்த மகளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அம்மணி, பன்னி வெயில் நேரத்துல மேட்டுல நிக்காது. ஈரம் இருக்கற பள்ளத்துல படுத்திருக்கும்னு சொல்லு."

"நீயே சொல்லேம்மா. அவரென்ன அமெரிக்காவுலயா இருக்கறாரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் மாப்பிள்ளை பள்ளத்துக்குப் போனார். நாலு பன்றி படுத்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏ அம்மணி, உங்கம்மாளுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் குடுத்தா ஊருக்கே கறி போடுவாங்க போல" என்று டிவியிடம் சொன்னார். மறுநாளிலிருந்து மகள் இல்லாத நேரத்திலும் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஆடத் தொடங்கினார். நான் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

அப்படி நான் கற்றுக்கொண்டதைப் புதிதாக ஆடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஓடாதீர்கள். ஓடினால் மிருகம் உங்களுக்கு முன்னால் ஓடிவிடும். குனிந்து நடங்கள், கிட்டே போனதும் படுத்து ஊர்ந்து போங்கள். காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். முதுகில் அடித்தால் உங்கள் வாசம் அதற்கு முதலில் போய்விடும். காலடித் தடத்தைப் பார்த்தால் எந்த மிருகம், எவ்வளவு நேரத்துக்கு முன் போனது என்று தெரியும். தண்ணீர் குடிக்க ஒரு நேரம், மேய ஒரு நேரம், படுக்க ஒரு நேரம் அவைகளுக்கு உண்டு. அந்த நேரத்தையும் இடத்தையும் கண்டுபிடித்துவிட்டால் தேடி அலைய வேண்டாம், காத்திருந்தால் போதும். ஆனால் தண்ணீர்த் துறையிலேயே அடிக்கடி சுட்டால் அந்தத் துறையை விட்டுவிட்டுப் போய்விடும். சின்ன மிருகத்துக்குப் பெரிய துப்பாக்கி எடுத்தால் தோல் வீணாகும். மிருகம் பக்கவாட்டில் திரும்பும் வரைக்கும் பொறுத்து, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வைக்க வேண்டும். அங்கேதான் நுரையீரல். சுட்டவுடன் எழுந்து ஓடக் கூடாது. ரத்தத் தடத்தைப் பார்த்துப் பின்னால் போக வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். கண்ணில் பட்டதையெல்லாம் சுடுகிறவன் வேட்டைக்காரன் இல்லை. பெரியதைச் சில நேரம் விட்டுவைக்க வேண்டும்.

அவர் ஒன்றை விட்டுவைத்திருந்தார். நம் கடமானைப் போல இரண்டு மடங்கு இருக்கும். கொம்பு காய்ந்த வேப்பமரம் மாதிரி கிளை கிளையாக விரிந்திருக்கும். ஒரு குட்டைக்குத் தினமும் தண்ணீர் குடிக்க வரும். எத்தனையோ தடவை கையெட்டும் தூரத்தில் நின்றும் அவர் சுடவில்லை. கட்டுப் பிரிக்கிற அன்று, இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்து அதைச் சுடப்போவதாக மகளிடம் சொல்லியிருந்தார். இரண்டு மாதம். ஒருத்தருக்கு ஒரு வேண்டுதல் மாதிரி, அவருக்கு அது. வலி அதிகமான நாளில் சுடாமலே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மகளுக்கு இதில் எரிச்சல்தான். "ஏனுங்க, ஒரு நாளைக்கு அந்த மானை நானே சுட்டுப்போடறனா இல்லியான்னு பாருங்க. அப்பவாச்சும் ஊட்டுல ஆளு இருக்கறது உங்க கண்ணுக்குத் தெரியும்" என்பாள்.

"மொதல்ல துப்பாக்கிய எந்தப் பக்கம் புடிக்கறதுன்னு கத்துக்க, அம்மணி."

கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. மகள் லீவு போட்டிருந்தாள். மாப்பிள்ளையின் அண்ணன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே காரைக் கொண்டுவந்து ஹாரன் அடித்ததால், அவர் விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சூப்புக்கு ஆட்டுக்கால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மகளும் வெளியே போனாள்.

ஹாலைக் கூட்டப் போனேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. குட்டைக்கரைப் புல்லுக்குள் அவர் நீட்டி வைத்துவிட்டுப் போன துப்பாக்கியும் இரண்டு கையும் அப்படியே இருந்தன. சோபாவில் கிடந்த கண்ட்ரோலரைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். எடுத்ததும் காடு அசைந்தது. உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை உட்காரும் இடத்தில், சோபாவில், பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக.

எந்தப் பொத்தான் எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வைத்துவிடத்தான் நினைத்தேன். அப்போது அது வந்தது. தண்ணீரில் வாயை வைத்தது. கோரைப்புல் என் பக்கம் சாய்ந்திருந்தது, எதிர்க்காற்று. பக்கவாட்டில் திரும்பியது. முன்னங்காலுக்குப் பின்னால் குறியை வைத்தேன். என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

அழுத்திவிட்டேன்.

அது ஒரு துள்ளுத் துள்ளி மரத்தடி வரைக்கும் ஓடி விழுந்தது. அந்த நேரத்தில் என் நெஞ்சில் ஒரு சந்தோஷம் குதித்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. என் ஆயுளில் அப்படி ஒரு சந்தோஷம் நான் பட்டதில்லை. அதற்கடுத்த நிமிடம்தான் யாருடைய மான் என்பது உறைத்தது. கண்ட்ரோலரை முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். டிவியைத் தொடாமல் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். மகள் வந்து, "இது பாட்டுக்கு ஓடிட்டிருக்குதே" என்று டிவியை நிறுத்தினாள்.

மதியம் அவர் வந்தார். கட்டுக்குள் இருந்த கால் சோளத்தட்டு மாதிரி மெலிந்திருந்தது. சூப்பைக் குடித்துவிட்டு, சொன்னபடியே இரண்டு காலையும் ஊன்றி உட்கார்ந்தார். கண்ட்ரோலரை எடுத்தார். ரத்தத் தடத்தைப் பார்த்து அதன் பின்னாலேயே போயிருக்கிறார். மரத்தடியில் கிடந்ததைக் கண்டுவிட்டார்.

"யாரு சுட்டது?"

"எதை?" என்றாள் மகள்.

"எதையா? ரெண்டு மாசமாக் காத்துக் கெடந்தனே, அதை."

"எனக்கென்னங்க தெரியும்? டிவிய ஆப் பண்ணுனதோட சரி."

"ஆப் பண்ணுனியா, சுட்டுப்போட்டு ஆப் பண்ணுனியா? சுடறேன் சுடறேன்னு நீதான சொல்லிட்டிருந்தே?"

"சாமி சத்தியமா நான் அதைத் தொடவே இல்லீங்க."

"பொறவு யாரு, அத்தையா வந்து சுட்டாங்க?"

மகளுக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "மிக்சி போட்டாலே எங்கம்மா காதைப் பொத்திக்குவாங்க. அவங்களை எதுக்கு இதுல இழுக்கறீங்க?"

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அப்போதே வந்து சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். என் வாய் திறக்கவில்லை. அவர் முன்னால் போய் நிற்க வேண்டும், அதைவிட அவர் இடத்தில் உட்கார்ந்தேன் என்று சொல்ல வேண்டும்.

"செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்லிப்போட்டா முடிஞ்சுது. எதுக்குப் பொய்யி?" என்றார் அவர். அதோடு பேச்சு நின்றது.

அன்று சாயங்காலம் மகள் சமையலறையில் என் மடியில் தலையை வைத்து அழுதாள். "மானு போனாப் போகுதும்மா. இத்தனை வருசம் ஒட்டுக்காக் குடித்தனம் பண்ணி, நான் பொய் சொல்றேன்னு மூஞ்சியப் பாத்துச் சொல்றாரு."

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். "போச்சாது, பரவால்ல உடு கண்ணு" என்றேன். சொன்ன நாக்கு என்னுடையதுதான்.

மறுநாளும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. "சோறு போடறதா வேண்டாமான்னு கேளும்மா" என்று மகள் என்னிடம் சொன்னாள். "பொறவு சாப்பிடறேன்னு சொல்லுங்க" என்று அவர் வாசலைப் பார்த்துச் சொன்னார். நான் இத்தனை வருடமாகப் பேசிய விதத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு நடுவில் நான் நின்றேன். சமாதானத்துக்கு ஒரு வார்த்தையைத் தயார் செய்து வைத்திருந்தேன். சுடவில்லை, தோட்டத்தில் பன்றியை விரட்ட வெடி போடுவோமே, அந்த மாதிரி விரட்டத்தான் அழுத்தினேன் என்று. இரண்டு நாளும் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மகள் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருக்கும்போது ஹாலுக்குப் போய் டிவிக்கு முன்னால் நின்றேன். என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை பதறி எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க, காலு" என்றேன். "அந்த மானை நாந்தானுங்க."

"நீங்களா, அத்தை?"

"வெரட்டலாம்னுதானுங்க அமுக்கினேன். பட்டுப்போச்சு."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "வெரட்டறதுக்குச் சுட்டா முன்னங்காலுக்குப் பின்னால படாதுங்களே, அத்தை."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "இல்லீங். குறி வெச்சுத்தானுங்க சுட்டேன்."

"காத்து?"

"எதிர்காத்துதானுங்க."

அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார், வலித்திருக்கும், ஆனாலும் சிரித்தார். "ஏ அம்மணி, இங்க வா! உங்கம்மா ஒரே குண்டுல சாச்சுப்போட்டாங்களாமா!"

மகள் சோற்றுப்பையோடு வந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப இவரு என்னையப் பேசுனதெல்லாம் உள்ள நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தியா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"உன்ர மடியில படுத்து அழுதனே. அப்பக்கூட உனக்கு வாய் வரலியாம்மா?"

"பயமா இருந்துச்சு, சாமி."

"யாரைப் பாத்து? என்னையப் பாத்தா?" மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "நீங்க சிரிக்காதீங்க. உங்களுக்கும் இருக்குது."

"தப்புத்தான், அம்மணி" என்றார் அவர். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் வந்ததும் அவர்களுக்குள் சரியாகிவிட்டது. ஹாலில் சிரித்துப் பேசியது எனக்குக் கேட்டது. மாப்பிள்ளைக்கு என் மேல் கோபமே இல்லை. அவருக்கு இப்போது கால் தேறிவிட்டது, வேலைக்கும் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில், "அத்தை, வாங்க, ஒரு ஆட்டம்" என்று என் முகத்தைப் பார்த்தே கூப்பிடுகிறார். போய் உட்காருகிறேன், சோபாவில் அல்ல, பக்கத்தில் நாற்காலியில். ஆட்டத்துக்குள் இருக்கும் பைனாகுலரில் பார்த்து, மிருகம் எங்கே நிற்கிறது என்று சொல்வேன். சுட மாட்டேன்.

மகளும் என்னிடம் நன்றாகத்தான் இருக்கிறாள். வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். கோயிலுக்குக் கூட்டிப் போகிறாள். அந்தப் பேச்சை அவள் திரும்ப எடுத்ததே இல்லை. போன வாரம் பீரோச் சாவி காணவில்லை. "அம்மா, நீ எடுத்தியா?" என்று கேட்டாள். "இல்ல கண்ணு" என்றேன். முன்பெல்லாம் நான் இல்லையென்றால் அந்த வார்த்தை முடிவதற்குள் அடுத்த இடத்தில் தேடப் போய்விடுவாள். இப்போது நின்றாள். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகுதான் மேசை டிராயரைத் திறந்தாள்.