மூன்றாவது பேஸ் ஓரம் நின்றவள்

என் கை என்னைக் கேட்காமல் செய்த முதல் காரியம், சுனிதாவை அவுட்டாக்கியதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பிப்ரவரி மாதம். டெல்லியில் கல்லூரிகளுக்கு இடையிலான சாஃப்ட்பால் போட்டியின் அரையிறுதி. நான் ஒரு பெண்கள் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை, அணிக்குப் பயிற்சியாளர். சுனிதா முதலாம் ஆண்டு மாணவி, ஹரியாணாக்காரி. முதல் பேஸில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அசையாமல் நிற்கவேண்டிய நேரம் அது. திடீரென்று இரண்டாவது பேஸை நோக்கி ஓடினாள். பாதி வழியிலேயே ஆட்டம் முடிந்தது அவளுக்கு.

சாஃப்ட்பாலைக் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வைர வடிவில் நான்கு பேஸ்கள், ஓடுபவள் பயமில்லாமல் நின்றுகொள்ளும் இடங்கள். பந்தை அடித்தவள் நான்கையும் சுற்றி வந்தால் ஒரு ரன். மூன்றாவது பேஸ் ஓரமாகச் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். பயிற்சியாளர் அதற்குள் நின்று அடி, தட்டிவிடு, ஓடு, நில் என்று ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் உத்தரவு கொடுக்கவேண்டும். வாய்விட்டுச் சொன்னால் எதிரணியும் கேட்டுக்கொள்ளும் என்பதால் எல்லாம் சைகைதான். எங்கள் அணியில் தொப்பியின் விளிம்பைத் தொட்டால் ஓடு என்று அர்த்தம்.

“மேம், நீங்க தொப்பியைத் தொட்டீங்க” என்றாள் சுனிதா. நான் தொடவே இல்லை என்றேன். பெஞ்சில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் பார்த்திருக்கிறார்கள். மூக்கைச் சொறியத்தான் கையைத் தூக்கினேன். அது தானாக இன்னும் கொஞ்சம் மேலே போய் விளிம்பில் இரண்டு தடவை தட்டியிருக்கிறது.

அன்றைக்கு எப்படியோ ஜெயித்துவிட்டோம். எங்களுக்கு ஜெயிப்பது பழக்கமாகியிருந்தது. திருமணமாகி நாகர்கோவிலிலிருந்து டெல்லிக்கு வந்தபோது எனக்குத் தெரிந்தது கைப்பந்துதான். வேலைக்குச் சேர்ந்த கல்லூரியில் சாஃப்ட்பாலை எடுத்துக்கொள்ள ஆளில்லை, புதிதாக வந்தவள் தலையில் கட்டினார்கள். சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெண்களோடு சேர்ந்து நானும் கற்றேன். சில வருடங்களில் கோப்பைகள் முதல்வர் அறை அலமாரியில் இடமில்லாமல் நூலகத்துக்குப் போயின. ‘அந்த மதராஸி மேடம்’ என்றால் மற்ற கல்லூரிகளில் கொஞ்சம் பயம் இருந்தது. எனக்கு அந்தப் பயம் ரொம்பப் பிடிக்கும்.

வீட்டில், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கவனித்தேன். வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் உருண்டுகொண்டே இருந்தது, ரசத்துக்குப் புளியைக் கரைப்பது போல. வேலை செய்யும்போது நடுக்கம் இல்லை. சும்மா இருக்கும்போதுதான்.

நாலைந்து மாதங்கள் அதற்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்துக்குறைவு என்றேன். மாதவிலக்கு நிற்கும் வயது என்றேன். கரோல் பாக்கில் ஒரு ஹோமியோபதிக்காரரின் வெள்ளை உருண்டைகளைச் சாப்பிட்டேன். சர்ச்சில் ஒரு சகோதரி தைலம் கொடுத்தாள், அதையும் தேய்த்தேன். இதற்கிடையில் காப்பியின் வாசனை தெரியாமல் போனது. கையெழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போனது. நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது.

என்னை மருத்துவரிடம் துரத்தியது மகள் ஷீபா. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள்: “அம்மா, நீ ஏன் எப்பவும் குஸ்ஸாவாவே இருக்கே? நான் என்ன பண்ணேன்?” எனக்குக் கோபமே இல்லை. அவள் சொன்ன ஏதோ வேடிக்கைக்குச் சிரித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தேன். அங்கே சிரிப்பு இல்லை.

அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு. நீண்ட நடைக்கூடத்தில் பெஞ்சு கிடைக்காமல் மக்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவர் வங்காளி, அவசரப்படாதவர். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். பத்துத் தட்டுக்குள் என் விரல்கள் களைத்துவிட்டன. நடக்கச் சொன்னார். பின்னால் நின்று தோளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். நான் குட்டிக்குட்டி அடிகளாகப் பின்னாலேயே போய்ச் சுவரில் மோதப் பார்த்தேன், அவரே பிடித்துக்கொண்டார்.

பார்க்கின்சன் நோய் (உடல் அசைவுகளை ஆளும் மூளைப் பகுதி மெல்லத் தளர்ந்துபோவது) என்றார். இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது, பார்த்துத்தான் சொல்லவேண்டும். அந்தப் பகுதியில் டோபமைன் (நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் சுரப்பு) குறைந்துகொண்டே வரும். முகம் இறுகுவதும் அதனால்தான். தானே குணமாகாது. உயிரை உடனே வாங்கிவிடவும் செய்யாது.

நான் கேட்டது ஒரே கேள்வி. “நான் எத்தனை வருஷம் மைதானத்தில் நிற்கலாம்?”

அவர் பேனாவை மூடினார். “சீசன் தொடங்கும் முன்னாலேயே ஃபைனல் ஸ்கோரைக் கேட்டால் நீங்கள் சொல்வீர்களா?” என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. என்னிடம் என் விளையாட்டையே திருப்பிப் பேசுகிறாரே என்று. வீட்டுக்கு வரும் பேருந்தில்தான் அழுதேன்.

என் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் பிரிவு அலுவலர். திருநெல்வேலிக்காரர், சட்டென்று எதையும் சொல்லமாட்டார்.  மூன்றாவது நாள், “ஊருக்குப் போயிருவோம்ட்டி. நான் வி.ஆர்.எஸ். வாங்கிருதேன். அங்க உன்னியப் பாத்துக்கிட ஆளு இருக்கு” என்றார்.

“அங்க எனக்கு என்ன இருக்கு அத்தான்? என் கிரவுண்டு இங்கயில்லா இருக்கு” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். நான் எதற்குப் பயந்தேன் என்று அவருக்குத் தெரியும். சாவுக்கு நான் பயப்படவில்லை. அந்தச் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் வேறொருத்தி நிற்பதை நினைத்துத்தான் பயந்தேன். அதன்பிறகு அவர் ஊர்ப்பேச்சை எடுக்கவில்லை.

லெவோடோபா மாத்திரை (மூளைக்குள் போய் டோபமைனாக மாறுவது) ஆரம்பித்தார்கள். முதல் சில வாரங்கள் குமட்டல். பிறகு ஒருநாள் காலையில் கையை வீசி நடந்துகொண்டிருந்தேன், என்னை அறியாமலேயே. அந்தச் சந்தோஷத்தை இதே நோய் உள்ளவர்கள் மட்டும்தான் புரிந்துகொள்வார்கள். முட்டை, பருப்பு, பால் போன்ற புரதச் சாப்பாடு மாத்திரையின் வழியை மறிக்கும் என்பதால் இரண்டுக்கும் இடைவெளி வேண்டும். முட்டை சாப்பிடுங்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்களை விரட்டியவளுக்கு வந்த தண்டனையைப் பாருங்கள்.

மாத்திரை வேலை செய்யும் நேரத்தை நோயாளிகள் ‘ஆன்’ என்போம் (உடம்பு சொன்னபடி கேட்கும் நேரம்), தீர்ந்துபோகும் நேரத்தை ‘ஆஃப்’ (கட்டிப்போட்டது போல் ஆகும் நேரம்). பயிற்சியையும் ஆட்டங்களையும் ‘ஆன்’ நேரத்தில் வருமாறு பார்த்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அது நெடுநாள் பலிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நன்றாகத்தான் ஆடினாள், ஆனால் மேம் தன்னைப் பார்த்தாலே முறைக்கிறார் என்று அழுதுவிட்டு அணியை விட்டுப் போய்விட்டாள். எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது.

அன்று பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். இது நோய், கோபம் இல்லை. கை நடுங்கும், குரல் இறங்கும், முகம் சிரிக்காது. உள்ளே சிரித்துக்கொண்டிருப்பேன், நம்பிக்கொள்ளுங்கள்.  பிறகு ஒருத்தி, இது தொற்றுமா என்று கேட்டாள். இன்னொருத்தி அவள் தலையில் ஒன்று போட்டாள். நான் உள்ளே சிரித்தேன்.

சுனிதா அப்போது இரண்டாம் ஆண்டு, அணித்தலைவி. மறுநாள் ஒரு யோசனையோடு வந்தாள். கை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், அதை நாங்கள் பார்க்கவே மாட்டோம். நீங்கள் கட்டத்துக்குள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை மட்டும் பார்க்கிறோம். முன்னால் வந்து நின்றால் ஓங்கி அடி. பின்னால் நின்றால் மெல்லத் தட்டிவிடு. நடுவில் நின்றால் பொறு. ஓடுவதைப் பற்றி முதல் பேஸ் ஓரம் இதேபோல் இன்னொரு கட்டத்தில் நிற்கும் நம் பெண் பார்த்துக்கொள்வாள்.

அந்தப் பருவம் முழுக்க எதிரணிப் பயிற்சியாளர்கள் என் நடுங்கும் கையையே முறைத்துப் பார்த்து ஏதேதோ கணக்குப் போட்டார்கள். பாவம். கோப்பையை நாங்கள் வாங்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த வருடம் நோய் ஒரு படி ஏறியது. ‘ஆஃப்’ நேரத்தில் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. உறைதல் (நடக்க நினைத்தும் பாதம் எழாமல் நின்றுவிடுவது) என்று இதற்குப் பெயர். பெரும்பாலும் வாசற்படியில், திருப்பத்தில் வரும். இதற்கு இயன்முறை மருத்துவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். தரையில் குறுக்கே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கவேண்டும். ஏனென்று தெரியாது, எழாத கால் தாண்டுவதற்கு எழும். உங்களுக்கும் இது இருந்தால் முயன்று பாருங்கள், யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். என் கணவர் வீட்டு நடையில் வண்ண டேப்பைக் குறுக்கே ஒட்டிவைத்தார். கல்லூரி வராந்தாவில் தரைக்கல்லின் கோடுகள் உதவின. பெண்கள் பார்த்திருப்பார்கள் போல.

அந்த வருட இறுதியாட்டத்தில் தோற்றோம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் கோப்பை வருமென்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஜனவரி. காலை ஆட்டம், பனிமூட்டம். எதிர்முனையில் நிற்பவர் தெரியவில்லை என்று அம்பயர் தள்ளிவைத்துக்கொண்டே போனார். ஆட்டத்துக்கென்று நான் போட்ட மாத்திரை பெஞ்சில் உட்கார்ந்தே பாதி தீர்ந்தது. பனி விலகி ஆட்டம் தொடங்கியதும் அடுத்ததைப் போட்டேன். அது சரியாகப் பிடிக்கவில்லை. கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் பின்தங்கியிருக்கிறோம், ஒருத்தி அவுட், மூன்று பேர் அவுட்டானால் முடிந்தது. மூன்றாவது பேஸில் என் பக்கத்திலேயே எங்கள் பெண் நிற்கிறாள். அடிக்க வந்தவள் சுனிதா. எங்களுக்குப் பந்து வீசும் பிட்சரின் கை தளர்ந்திருந்தது. ஓங்கி அடிக்கவேண்டிய நேரம். நான் கட்டத்தின் பின்பக்கம் நின்றிருந்தேன். முன்னால் போகவேண்டும். கால் எழவில்லை.

நான் நிற்கும் இடம் தட்டிவிடு என்கிறது. என் மனம் அடி என்கிறது. குரல் கொடுத்தேன், காற்றுதான் வந்தது.

சுனிதா என்னைப் பார்த்தாள். சைகையை வாசிக்கும் பார்வை இல்லை அது. முழங்காலையும் பாதத்தையும் பார்த்தாள். அம்பயரிடம் நேரம் கேட்டுவிட்டு என்னை நோக்கி நடந்து வந்தாள். நான் இத்தனை காலம் பயந்தது இதற்குத்தான். இரண்டு அணிகளும் பார்த்துக்கொண்டிருக்க, நட்டுவைத்த கம்பாக நான்.

“கால் நின்னுடுச்சா மேம்?” என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவள் குனிந்து, கையிலிருந்த பேட்டை என் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தாள். தாண்டினேன். கால் வந்தது. அம்பயர் முகக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவசரப்படவில்லை.

இப்போது நான் முன்னால் போய் நிற்கலாம். இரண்டு எட்டுதான். சுனிதா பேட்டை எடுத்துக்கொண்டு, நான் எங்கே நிற்கப்போகிறேன் என்று காத்திருந்தாள். இந்தக் கால் அடுத்த பந்துக்கு எழுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது. என் காலைப் பார்த்து அவள் ஆடுவது இனிமேல் அவளுக்குச் செய்யும் அநியாயம் என்று அந்த இடத்தில் எனக்குப் பட்டது.

“நீயே பாத்துக்கோ” என்றேன். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, பெஞ்சுக்கு நடந்துபோய் உட்கார்ந்தேன். நெஞ்சு வலித்தது. பொய் சொல்லமாட்டேன்.

ஒவ்வொரு பந்துக்கும் என் அணி என்ன செய்யப்போகிறது என்று இத்தனை வருடமும் முன்கூட்டியே எனக்குத் தெரிந்திருந்தது. உத்தரவு என்னுடையது. மற்றவர்கள் பார்த்த ஆட்டத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தப் பந்து பிட்சர் கையை விட்டு வந்தபோது சுனிதா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது.  ஓங்கி அடித்தாள். பந்து தரையைத் தொடாமல் நேராக மூன்றாவது பேஸைக் காக்கும் எதிரணிக்காரியின் கையுறைக்குள் போனது. பந்து பிடிபட்டால் ஓடியவள் பேஸுக்குத் திரும்பியாகவேண்டும், ஓடக் கிளம்பிய எங்கள் பெண் திரும்புவதற்குள் அந்த எதிரணிக்காரி பேஸை மிதித்துவிட்டாள். ஒரே பந்தில் இரண்டு அவுட், ஆட்டம் முடிந்தது.

சுனிதா பெஞ்சுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு, “நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க மேம்?” என்று கேட்டாள். அடி என்றுதான் சொல்லியிருப்பேன் என்றேன். அவள் நம்பவில்லை, என் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் கைக்குள்ளேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டத்துக்குள் நான் மறுபடி நிற்கவில்லை. கல்லூரி வேறொரு பயிற்சியாளரை எடுத்தது. சில வருடங்கள் ஓடிவிட்டன. மாத்திரைகள் கூடியிருக்கின்றன, ‘ஆன்’ நேரம் சுருங்கியிருக்கிறது. என் நாளில் காலை, மதியம் என்பதெல்லாம் இப்போது இல்லை. உடம்பு இருக்கும் நேரம், இல்லாத நேரம், அவ்வளவுதான்.

விடிந்ததும் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தபடியே கிடப்பேன். எந்தக் கால் முதலில் வரும், எப்போது வரும், தெரியாது. முன்பெல்லாம் அந்தத் தெரியாமையை வெறுத்தேன். இன்றும் பயம் இருக்கிறது. ஆனால் போர்வைக்குள் விரல் லேசாக அசையத் தொடங்கும்போது, உத்தரவு எதுவும் போடாமல், என்ன நடக்கிறதென்று பார்க்கிற ஆவலோடு காத்திருக்கிறேன்.