புது ஃபில்டருக்கு வைத்த எண்ணெய்

மலைமேல் இருக்கும் வெள்ளக்கடை கிராமத்தில் போய் அத்தாயி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "எந்த அத்தாயி? வண்டிக்கார அத்தாயியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஏதோ ஸ்கூட்டி என்று நினைத்துவிட வேண்டாம். சேற்றை வாரி அடித்துக்கொண்டு மேடேறும் உயரமான டர்ட் பைக். எஸ்டேட் முதலாளி மகன் ஒருவன் ஆசை தீர ஓட்டிவிட்டு, சலித்துப்போய்த் தள்ளிவிட்ட வண்டி. வாங்கியது அவள் புருஷன் வெள்ளையன்தான். ஆனால் மிளகு மூட்டையும் பலாப்பழமும் கட்டிக்கொண்டு மண் தடத்தில் இறங்கும்போது அவனுக்குக் கை நடுங்கியது, அவளுக்கு நடுங்கவில்லை. அவ்வளவுதான் சங்கதி. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று முணுமுணுத்த பெரிய மனிதர்களையே பின்னால் ஏற்றி ரேஷன் கடைக்குக் கொண்டுபோய் இறக்கினாள். அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்!

ஓட்டுவதைவிட அவளுக்குப் பிடித்த வேலை ஒன்று இருந்தது. சீட்டைக் கழற்றி, அதன் கீழே இருக்கும் பெட்டியிலிருந்து ஏர் ஃபில்டரை வெளியே எடுப்பது. பெரிய அதிசயமாக ஒன்றும் இருக்காது, பார்ப்பதற்கு ஒரு ஸ்பாஞ்சு, அவ்வளவுதான். எஞ்சினுக்குப் போகிற காற்றெல்லாம் அதற்குள் நுழைந்துதான் போக வேண்டும். வெயில் காலத்தில் வெளிப்பக்கம் செம்மண் அப்பிக் கிடக்கும். உள்பக்கம் விரலை விட்டுத் தடவினால் பொட்டுத் தூசி ஒட்டாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது அத்தாயிக்கு உடம்பே சிலிர்த்துப் போய்விட்டது.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க! இத்தன மண்ணையும் இதுவே வாங்கி வெச்சுக்கிட்டு, நல்ல காத்த மட்டும் உள்ள உடுதுங்க!"

சோற்றில் கை வைத்திருந்த வெள்ளையன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, அதுக்குத்தான வெச்சிருக்கறான்" என்றான். இந்த மனுஷனிடம் காட்டியதற்குக் கொட்டகையில் நிற்கிற மாட்டிடம் காட்டியிருக்கலாம். அன்று முதல் ஃபில்டர் வேலை முழுக்க அவள் கைக்கு வந்துவிட்டது. மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுத்து, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டுவாள். அந்த எண்ணெய்ப் பிசுபிசுப்புத்தான் தூசியைப் பிடித்து வைக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

சித்திரையில் அந்த ஸ்பாஞ்சு நைந்து கிழிந்தது. அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் தங்கராஜிடம் புதியது வாங்கினாள்.

"எண்ணெய் தடவி நல்லாப் பிழிஞ்சு போடுங்கக்கா. சொட்டக் கூடாது" என்று அவன் படித்துப் படித்துச் சொன்னான்.

கேட்டாளா? கேட்கவில்லை. அத்தாயி வீட்டில் ஒரு வழக்கம். புதிதாக எது வந்தாலும் முதல் எண்ணெயை வழிய வழிய வைக்க வேண்டும். பிறந்த பிள்ளையின் உச்சிக்கும் அப்படித்தான், வாங்கிவந்த காளையின் கொம்புக்கும் அப்படித்தான். பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்து மாட்டியது வேறு. புதுசுக்குப் பிழிந்த எண்ணெயா? கஞ்சத்தனம்! தங்கராஜ் கொடுத்த எண்ணெய் போதாதென்று, வீட்டிலிருந்த விளக்கெண்ணெயையும் தாராளமாக ஊற்றினாள். சொட்டச் சொட்ட மாட்டி, வாசலில் வைத்தே ஸ்டார்ட் செய்து பார்த்தாள். வண்டி நின்ற இடத்தில் நன்றாகத்தான் ஓடியது. அணைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

உச்சி வெயிலில் வெள்ளையன் தோட்டத்திலிருந்து ஓடி வந்தான். நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறியவன் மலைத்தேனீக் கூட்டைக் கலைத்துவிட்டிருக்கிறான். முகம் வீங்கி, கண் இடுங்கி, உதடு தடித்துப் போயிருந்தது. சுண்ணாம்பைத் தடவச் சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் ஓடி வந்தாள். அத்தாயி சுண்ணாம்பைப் பார்க்கவில்லை. அவன் தொண்டைக்குள் கேட்ட விசிலைத்தான் கேட்டாள். உள்ளே இழுக்கிற மூச்சு பாதியிலேயே நின்று நின்று போனது.

"கொட்டுன எடமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். மூச்சு அடைக்குதக்கா!"

அவனைப் பின்னால் உட்கார வைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். இறக்கத்தில் வண்டி பறந்தது. தார் ரோட்டுக்கு ஏறுகிற மேட்டில் முறுக்கியதும் எஞ்சின் இருமியது. கறுப்புப் புகையாகக் கக்கிவிட்டு நின்றே போனது. சத்தம் அடங்கியதும்தான் தன் பிடரியில் அவன் மூச்சு எவ்வளவு மெலிந்துவிட்டது என்று அவளுக்குக் கேட்டது.

என்ன கோளாறு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனை மண் திட்டில் சாய்த்துவிட்டு சீட்டைக் கழற்றினாள். பெட்டிக்குள் எண்ணெய் குளம் கட்டி நின்றது.

"படுபாவி, நானே அடைச்சுட்டனே! ஏனுங்க, மூச்ச உட்றாதீங்க, இழுங்க, இந்தா ஆச்சு!" என்று அழுதுகொண்டே ஸ்பாஞ்சை முந்தானைக்குள் வைத்துப் பிழிந்தாள். மடித்து மடித்துப் பிழிந்தாள். பெட்டியைத் துடைத்து, திரும்ப மாட்டி, கிக்கரை உதைத்தாள். வரவில்லை. ஒரு கையைப் பெட்டி வாயில் ஊன்றிக்கொண்டு, வாய்க்கு வந்தபடி வண்டியைத் திட்டிக்கொண்டு உதைத்தாள். அந்த உள்ளங்கையை உரசிக்கொண்டு காற்று குபுக்கென்று உள்ளே இழுபடுவது தெரிந்தது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத வெறும் காற்று! அது இல்லாமல் அத்தனை இரும்பும் கிடந்த கிடையை நினைக்க அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. சீட்டை மாட்டி, மறுபடி அவனைக் கட்டிக்கொண்டு மேடேறினாள். வண்டி எங்கும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் இன்பமேரி ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். டாக்டர் ஓடி வந்தார். தொடையில் ஊசி, மூக்கிலும் வாயிலும் மாஸ்க். அத்தாயி சுவரோடு சுவராக நின்றாள். அவன் நெஞ்சு துடித்துத் துடித்து எழும்பியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விசில் குறைந்தது. உதட்டில் ஏறியிருந்த நீலம் மறைந்தது. நெஞ்சு சீராக ஏறியது, இறங்கியது, ஏறியது.

"இனிப் பயமில்லைங்க. கையெல்லாம் எண்ணெயா இருக்குது, போய்க் கழுவிக்கிட்டு வாங்க" என்றாள் இன்பமேரி.

அத்தாயி நகரவில்லை.

"இருங்க சிஸ்டர், கொஞ்சம் பாத்துக்கறனுங்க."

"என்னத்தைப் பாக்கறீங்க?"

அத்தாயி வார்டில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிறபடி, யாருமே அறியாத சேதியைச் சொல்கிறவளாகச் சொன்னாள்:

"மூச்சு உடறாருங்க!"