“இன்னொண்ணு வாங்கிக்கலாம்” என்றவன்

அந்தப் பிராசஸரின் மூலை நொறுங்கிய மதியம், கல்லூரி நாட்களில் நாங்கள் தங்கியிருந்த குரோம்பேட்டை அறையில் என் அறைத்தோழன் இருந்தான். தாம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாய் இருந்தார். நான் இல்லை. ஊரப்பாக்கத்தில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த டியூஷன் பணம்தான் எங்கள் கணினியில் பாதி. மறுபாதி அவன் வீட்டிலிருந்து ஒரே ஒரு போனில் வந்தது.

லேப்டாப்புக்காகச் செய்த இரட்டைக் கோர் பிராசஸரை மேசைக் கணினியின் மதர்போர்டில் மாட்டி, விதித்ததைவிட வேகமாக ஓட்டலாம் என்று படித்துச் சொன்னவன் நான். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியதையும், அதை ஏற்கிற அபூர்வமான போர்டையும் பாய் தேடிப்பிடித்துத் தந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். முழுக்கப் படிக்காமல் எதையும் தொடமாட்டேன். அவன் தொட்டுவிட்டுத்தான் படிப்பான். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்புத் திரையில் வேகத்தைப் படிப்படியாக ஏற்றுவான். திரை கறுத்துப்போனால் போர்டிலிருக்கும் பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு, விசிலடித்தபடி மறுபடி ஆரம்பிப்பான். நான் பக்கத்தில் நின்று கேட்பேன்.

“எரிஞ்சிட்டா இன்னாடா பண்ணுவ?”

“இன்னொண்ணு வாங்கிக்கலாம் மச்சான்.”

விரிசல் விட்ட பிளாஸ்டிக் குடத்தைக் காய்ச்சிய கம்பியால் உருக்கி ஒட்டுகிற வீடு எங்களுடையது. அந்த வாக்கியத்தை அங்கே யாரும், எதைப் பற்றியும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்று புள்ளி எட்டு கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது இரண்டு புள்ளி நான்கைத் தொட்ட அன்று, வகுப்பே எங்கள் அறைக்கு வந்து அவன் தோளைத் தட்டியது. பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீ புக்கு தம்பி. அவன் கை.”

லேப்டாப் பிராசஸருக்கு மேலே உலோக மூடி கிடையாது. நடுவில் விரல்நகம் அளவுக்குச் சிலிக்கான் மொட்டையாக நிற்கும். அதன்மேல் சூட்டைத் தணிக்கும் கனமான கூலரை வைத்தால், நான்கு திருகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் அழுந்தினால் சிலிக்கானின் மூலை நொறுங்கிவிடும். முதல் தடவை நான் சொல்லச் சொல்ல முடுக்கினான். இன்னும் பெரிய கூலர் வந்தபோது எனக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு திருகை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறான்.

நான் வந்தபோது பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். “ஒரு மூலை பூட்ச்சு தம்பி. இனிமே போர்டும் வேஸ்ட்டு. வேற சிப்பு கெடைக்காது.”

பணம் போனது உறைத்தது. கூடவே, இனி இவனும் பயப்படுவான் என்று உள்ளே ஏதோ குளிர்ந்தது. அவனோ சிரித்துக்கொண்டிருந்தான். “நீ இருந்திருந்தா கத்தியிருப்ப மச்சான்.” இரண்டு நாள் கழித்து என் பங்கு மொத்தத்தையும் என் சட்டைப் பையில் செருகினான். “நான்தானே ஒடைச்சேன்.” வேண்டாமென்று சொல்ல எனக்கு வசதியில்லை.

இன்று சர்வர் அறை ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. எந்தத் திருகையும் எதிரெதிர் மூலையாகத்தான் முடுக்குகிறேன், ஒன்றும் உடைந்ததில்லை. மூலை போன அந்தப் பிராசஸர் என் மேசையில் கிடக்கிறது. போன வாரம் போனில் அதைப் பற்றிப் பேசினால், “எந்த சிப்புடா?” என்கிறான். மறப்பதும் அவனுக்குக் கைவந்திருக்கிறது. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது: பிராசஸர், போர்டு, கூலர் சேர்த்து அவனுக்கு நஷ்டம் பத்தாயிரத்து எண்ணூறு ரூபாய். எனக்கு ஒரு ரூபாயும் இல்லை.